பச்சைக் குழந்தை மரணம்: நீலகிரித் தாய்மார்கள் வாசலில் நிறுத்திக் கேட்ட கேள்விகள்

நீலகிரியில் 29 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தேன். பாதிக் காலம் கோத்தகிரிப் பக்கம், மீதி கூடலூர், பந்தலூர்ப் பக்கம். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடு, படகர் ஊரான ஹட்டி, ஆதிவாசிக் குடியிருப்பு என்று எங்கே போனாலும், எடை பார்க்கும் தராசைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் யாராவது ஒரு கேள்வியோடு வந்து நிற்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் கேட்கப்படும் கேள்விக்கு நின்றபடியே பதில் சொல்லிவிட முடியாது. அன்று சொன்னவற்றையும், அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரத்தில் சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சிசு மரணம் என்றால் எது? பேப்பரில் "விகிதம் 13" என்று போடுகிறார்களே, அது என்ன கணக்கு?

உயிரோடு பிறந்த குழந்தை ஒரு வயது நிறைவதற்குள் இறந்துவிட்டால் அது சிசு மரணம். வயிற்றிலேயே இறந்து பிறந்தால் அது வேறு கணக்கில் வரும். ஓராண்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு எத்தனை சிசு மரணம் என்று பார்ப்பதுதான் விகிதம். 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 13, இந்தியா முழுமைக்கும் 28. 1971இல் இந்தியாவின் எண் 129. எட்டுப் பிள்ளை பிறந்தால் ஒன்று வருஷம் திரும்புவதற்குள் போய்விடும் என்ற காலம் அது. என் பாட்டி பெற்றது ஒன்பது, ஆளாக்கியது ஐந்து. இறந்துபோன நான்கையும் அவர் பெயர் சொல்லித்தான் எண்ணுவார்.

இந்த ஓராண்டுக்குள் இன்னொரு கோடும் இருக்கிறது: முதல் 28 நாள். அதற்குள் இறந்தால் பச்சிளம் குழந்தை மரணம் என்போம். அந்தக் கோட்டுக்கு இந்தப்பக்கம் நடக்கும் சாவுக்கும் அந்தப்பக்கம் நடக்கும் சாவுக்கும் காரணம் ஒன்றல்ல. ஆண், பெண் வித்தியாசம் புரிய வேண்டுமானால் இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதனால்தான் குழந்தைகள் இறக்கின்றன?

முதல் 28 நாளில் நடக்கும் மரணங்களில் முக்கால்வாசி முதல் வாரத்திலேயே நடந்துவிடுகின்றன. அதிலும் முதல் நாள்தான் பெரிய கண்டம்.

முதல் காரணம் குறைப்பிரசவம். 37 வாரம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கு நுரையீரல் பழுத்திருக்காது, உடம்பில் கொழுப்பு சேர்ந்திருக்காது, உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு இருக்காது. அடுத்தது பிறக்கும்போது மூச்சு முட்டுவது. பிறந்து அழாத பிள்ளைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் துடைத்து, மூச்சுப் பாதையைச் சரியாக்கி, தேவைப்பட்டால் முகமூடிப் பையால் காற்றுக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் பழகிய கை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் வீட்டுப் பிரசவம் வேண்டாம் என்று வீடு வீடாகக் கெஞ்சினோம். மூன்றாவது, கிருமித் தொற்று: தொப்புளில், இரத்தத்தில், நுரையீரலில். நான்காவது, பிறவியிலேயே இதயத்திலோ குடலிலோ இருக்கும் குறைபாடுகள்.

28 நாள் தாண்டிவிட்டால் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் முன்னே வந்து நிற்கின்றன. பால் புரையேறுவதும், பெரியவர்களோடு படுத்திருக்கும்போது மூச்சடைப்பதும் இங்கேதான் வரும்.

இவற்றுக்கெல்லாம் பின்னால் தாயின் உடம்பு இருக்கிறது. இரத்தசோகையோடு, ஏழு மாதம் வரை முதுகில் கூடையோடு சரிவில் நின்று இலை பறித்த பெண்ணுக்கு இரண்டு கிலோவில் பிள்ளை பிறந்தால், காரணத்தைப் பிள்ளையிடம் தேடி என்ன பயன்? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தமிழக அரசு கொடுக்கும் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி, அவள் அந்த மாதங்களில் வேலைக்குப் போகாமல் வாய்க்கு ருசியாக நாலு வேளை சாப்பிடத்தான். அது கடன் அடைக்கப் போன வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் பிள்ளையின் எடை எப்படியிருந்தது என்றும் பார்த்திருக்கிறேன்.

மலைக் குளிர் பிள்ளையைக் கொல்லுமா? நாங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கேதான் பிறந்து வளர்ந்தோம்.

கொல்லும். அதுவும் சத்தமில்லாமல். பெரியவர்களுக்குக் குளிர்ந்தால் நடுங்குவோம். பச்சைக் குழந்தைக்கு நடுங்கத் தெரியாது. உடம்புச் சூடு 36.5 பாகைக்குக் கீழே இறங்கினால் அது அழுவதை நிறுத்திவிடும், பால் குடிப்பதைக் குறைக்கும், தூங்கும். "ரொம்ப சமத்துப் புள்ளைங்க, அழுவறதே இல்லை" என்று ஒரு பாட்டி பெருமையாகச் சொன்னால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

தெர்மாமீட்டர் வேண்டாம். உங்கள் புறங்கையைப் பிள்ளையின் வயிற்றிலும் உள்ளங்காலிலும் வையுங்கள். வயிறும் கதகதப்பு, காலும் கதகதப்பு என்றால் நல்லது. வயிறு கதகதப்பு, கால் சில்லென்று இருந்தால் பிள்ளை குளிரோடு போராடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சில்லென்றால் உடனே ஆஸ்பத்திரி. மார்கழி, தை மாதத்தில் ஊட்டியில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் காலையில், இந்தச் சோதனையை ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை செய்யச் சொல்வேன்.

சூட்டுக்கு நல்ல வழி தாயின் மார்பு. பிள்ளைக்குத் தொப்பி, கால் உறை, துணி நாப்கின் மட்டும் போட்டு, தாயின் வெற்று மார்பில் நெஞ்சோடு நெஞ்சாக வைத்து, மேலே சேலையும் கம்பளியும் சுற்றுங்கள். கங்காரு முறை என்பது இதுதான். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியது, இன்று உலகம் முழுக்க எடை குறைந்த பிள்ளைக்கு இதைத்தான் சொல்கிறார்கள். அப்பாவும் செய்யலாம். எஸ்டேட்டில் கவாத்து வெட்டும் முரட்டு ஆள் ஒருவர், மகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து இரவு முழுக்கத் தூங்காமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்று நாளில் அந்தப் பெண்ணின் கால் சூடாகிவிட்டது.

முதல் நாள் குளிப்பாட்டாதீர்கள். எடை குறைந்த பிள்ளையை இன்னும் பல நாள் துடைத்தால் போதும். மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, பெரியவர்களையும் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். நம் மாவட்டத்தில் அப்படிக் குடும்பமாகப் போனவர்களின் செய்தி உங்களுக்கே தெரியும்.

ஆண் பிள்ளைதானே பலம்? ஆனால் எங்கள் வீட்டில் ஆண் குழந்தைதான் தங்கவில்லை.

பிறக்கும்போது ஆண்தான் பலவீனம். கேட்கிற பாட்டிகள் நம்பவே மாட்டார்கள். உலகம் முழுக்க 100 பெண் பிறந்தால் ஏறக்குறைய 105 ஆண் பிறக்கிறது. பிறந்த கணத்திலிருந்தே ஆண் பிள்ளைகள்தான் கூடுதலாக இறக்கின்றன.

நுரையீரலுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு வழவழப்பான பொருள் சுரக்க வேண்டும். ஆண் ஹார்மோன் அந்தச் சுரப்பைத் தாமதப்படுத்துகிறது. அதனால் ஒரே வாரத்தில் பிறந்த ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் போட்டால், ஆணின் நுரையீரல் பின்தங்கியிருக்கும். போதாததற்குக் குறைப்பிரசவமே ஆண் பிள்ளைகளுக்குத்தான் கொஞ்சம் அதிகம். ஆண் பிள்ளை சராசரியில் எடையும் தலையும் பெரிது, பிரசவத்தில் சிக்குவதும் அதிகம். இன்னொன்று எக்ஸ் குரோமோசோம். நோயை எதிர்க்கும் மரபணுக்கள் பல அதில் இருக்கின்றன. பெண்ணுக்கு அது இரண்டு, ஆணுக்கு ஒன்று. ஒன்றில் பழுதிருந்தால் பெண்ணுக்கு மற்றது கைகொடுக்கும். ஆணுக்கு மாற்று இல்லை. இரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வருவதன் காரணமும் அதுதான்.

இதை நான் பாடமாகப் படித்தேன், பிறகு ஒரு வீட்டில் படித்தேன். 35 வாரத்தில் பிறந்த ஆண் குழந்தை, எடை 2 கிலோ 600. எடை நன்றாக இருக்கிறதே என்று மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது தராசு முள்ளைப் பார்த்தேன், கார்டில் எழுதியிருந்த வாரத்தைப் பார்க்கவில்லை. பால் குடிக்கும்போது நாலு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். மறுநாள் விடியற்காலையில் அந்த அப்பா மேட்டுப்பாளையம் ரோட்டில் ஜீப்பில் போகும்போதே பிள்ளை போய்விட்டது. அன்றிலிருந்து எடையைக் கேட்கும் முன் வாரத்தைக் கேட்பேன். ஆணா என்றும் கேட்பேன். குறைமாத ஆண் பிள்ளை என்றால் மறுநாளும் அந்த வீட்டுக்கு ஏறுவேன்.

குறைப்பிரசவ வலி வந்தவுடனே ஆஸ்பத்திரி சேர்ந்துவிட்டால், 34 வாரத்துக்கு உட்பட்ட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பிள்ளையின் நுரையீரலைச் சீக்கிரம் பழுக்க வைக்க முடியும். ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும். "விடியட்டும் பார்க்கலாம்" என்று வீட்டிலேயே இருந்தால் அந்த நேரம் கரைந்துவிடும்.

அப்படியானால் பெண் குழந்தைகள்தானே குறைவாக இறக்க வேண்டும்? கணக்கில் இரண்டும் சமம் என்று வருகிறதே?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான்.

2020 கணக்கில் இந்தியாவில் ஆண் சிசு மரண விகிதம் 28, பெண்ணுக்கும் 28. பார்த்தால் நியாயமாகத் தெரியும். 2011இல் ஆண் 43, பெண் 46 என்று இருந்ததைப் பார்க்கும்போது நல்ல முன்னேற்றமும்தான். ஆனால் இருவரையும் ஒரே மாதிரி கவனிக்கும் நாடுகளில் ஆணின் விகிதம் பெண்ணைவிட ஏறக்குறைய 10 முதல் 25 சதவீதம் வரை கூடுதலாக இருக்கும். அந்தக் கணக்குப்படி ஆண் 28 என்றால் பெண் 24, 25இல் நிற்க வேண்டும். சமம் என்று வந்தால், இயற்கை பெண்ணுக்குக் கொடுத்த அனுகூலத்தை வழியில் யாரோ பிடுங்கிக்கொண்டார்கள் என்று பொருள்.

எங்கே பிடுங்குகிறார்கள்? முதல் வாரம் உடம்பின் கையில் இருக்கிறது, அங்கே பெண்தான் ஜெயிக்கிறாள். 28 நாளுக்குப் பிறகு வரும் காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு வீட்டாரின் கையில் இருக்கிறது. இன்று கூட்டிப் போவதா, நாளை பார்ப்பதா. பஸ்ஸிலா, வாடகை ஜீப்பிலா. கோயம்புத்தூர் வரை போவதா, இங்கேயே பார்த்துக்கொள்வதா. இந்த முடிவுகளில்தான் பெண் தோற்கிறாள். அரசு மருத்துவமனைகளின் பச்சிளம் குழந்தைகள் சிறப்புப் பிரிவுகளில் 2017ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சேர்க்கப்பட்ட பெண் குழந்தைகள், ஆண்களைவிட ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் குறைவு என்று யுனிசெஃப் சொன்னது. ஆண் பிள்ளை கூடுதலாக நோய்ப்படும் என்பதால் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். இத்தனை பெரிய இடைவெளிக்கு அது மட்டும் காரணமாக முடியாது.

ஒரு தை மாதம், கோத்தகிரிக்கு மேலே ஒரு லைன் வீடு. இரட்டைப் பிள்ளைகள், ஒன்று ஆண், ஒன்று பெண். பிறக்கும்போது பையன் 2 கிலோ 300, பெண் 2 கிலோ 100. பதினான்காம் நாள் போனேன். பையன் அம்மாவின் மடியில் கம்பளிக்குள் இருந்தான். பெண்ணைச் சன்னலோரம் தொட்டிலில் போட்டிருந்தார்கள், மேலே ஒரு பழைய சேலைத் துண்டு. தராசில் போட்டால் பையன் 200 கிராம் ஏறியிருக்கிறான். பெண் பிறந்த எடையைக்கூட எட்டவில்லை. உள்ளங்கால் ஐஸ். அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. பாட்டி கையில் கஷாயத்தோடு எழுந்து வந்து எனக்குக் கொடுத்தாள். "அவன் அழுவுறான் சிஸ்டர், அவனுக்கு மொதல்ல குடுத்துருவோம். இவ பேசாம கெடப்பா" என்றாள் அம்மா. பேசாமல் கிடந்ததற்குக் காரணம் குளிரும் பசியும். பாட்டியை உட்கார வைத்து, பெண்ணை அவள் நெஞ்சிலேயே கட்டிவிட்டேன். ஒரு வேளை பையனுக்கு முதலில், அடுத்த வேளை பெண்ணுக்கு முதலில் என்று சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைத்தோம். இருபத்தோராம் நாள் பெண் 2 கிலோ 350. பாட்டியே என்னை வழிமறித்துச் சொன்னாள்.

நீலகிரியில் பெண் சிசுக்கொலை இருக்கிறதா?

சேலம், தர்மபுரி, உசிலம்பட்டிப் பக்கம் பேசப்பட்ட அளவுக்கு இங்கே அது பேசப்பட்டதில்லை. அந்தக் கொடுமைக்காகத்தான் 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கில், ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளில் 1000 ஆணுக்குத் தமிழ்நாட்டில் 943 பெண், நீலகிரியில் 985. இது மாநிலத்திலேயே நல்ல எண்களில் ஒன்று. பழைய காலத்தில் தோடர் மக்களிடையே பெண் சிசுக்கொலை இருந்ததாக ஆங்கிலேயர் காலப் பதிவுகள் சொல்கின்றன. அது எப்போதோ மறைந்துவிட்டது, அதை வைத்து இன்றைய மந்துகளை, அதாவது தோடர் குடியிருப்புகளை, பேசுவது தவறு.

கொலை இல்லை என்பதால் பாகுபாடே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சன்னலோரத் தொட்டிலை இப்போதுதான் சொன்னேன். கருவிலேயே ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் சொல்வதும் கேட்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

சிக்கிள் செல் நோய் ஆண் பிள்ளைக்குத்தான் வருமா?

இல்லை, இருவருக்கும் சமமாக வரும். இரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய் இது. அந்தப் பழுதான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இல்லை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால்தான் நோய். ஒன்று மட்டும் இருந்தால் அவர் அதைச் சுமப்பவர், பெரும்பாலும் சாதாரணமாகவே வாழ்வார். இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு.

இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் மலையில்தான், 1952இல், பழங்குடி மக்களிடையே. இருளர், பணியர், குறும்பர் குடும்பங்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிறந்து சில மாதங்கள் வரை பிள்ளை நன்றாகவே இருக்கும். கருவில் இருந்த பழைய வகை இரத்தம் அதுவரை காப்பாற்றும். ஆறு மாத வாக்கில் கை கால் விரல்கள் வீங்கும், வெளுப்புத் தட்டும், காய்ச்சல் வந்தால் வேகமாக முற்றும். திடீரென்று இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கி, பிள்ளை வெளுத்துச் சரிந்தால் அது மணிக்கணக்கில் உயிர் போகும் ஆபத்து. சின்ன வயதிலேயே கண்டுபிடித்துப் பென்சிலின் கொடுத்து, தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டால் பிள்ளை வளர்ந்து படித்து வேலைக்குப் போகும். கூடலூரில் அஸ்வினி ஆதிவாசி மருத்துவமனையும், கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும் பல காலமாக இதில் உழைக்கின்றன. ஊசிக்குப் பயந்து பரிசோதனையைத் தள்ளாதீர்கள்.

பிறந்தவுடன் சேனை வைக்கலாமா? நல்ல மலைத் தேன்தானே? வசம்பு, உரை மருந்து?

வேண்டாம். நம் காட்டுத் தேன் பெரியவர்களுக்கு அமிர்தம்தான், ஆனால் அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். மாமா கையால் சேனை வைத்தால் மாமா குணம் வரும் என்பார்கள். மாமா பிள்ளையைக் கையில் ஏந்தி ஆசி சொல்லட்டும், அதுவே போதும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பால்தான் பிள்ளைக்குச் சேனை.

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, தொண்டைக்குள் விரல் விட்டுத் தொக்கம் எடுப்பது: இந்த மூன்றையும் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் நிறுத்தச் சொல்வேன். நுரையீரலுக்குள் போன எண்ணெய் எளிதில் வெளியே வராது. உரை மருந்தை ஊற்றும்போது புரையேறியும் பிள்ளைகள் போயிருக்கின்றன.

ஆண் பிள்ளை பசி தாங்காது, தாய்ப்பாலோடு பசும்பால் கொடுக்கலாமா?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஆசையாக ஆணுக்கு மட்டும் பாட்டில் பால் கொடுக்கும் வீட்டில், வயிற்றுப்போக்கும் அவனுக்குத்தான் வருகிறது.

எங்கள் ஊரில் ஒரே வருஷத்தில் மூன்று ஆண் குழந்தை இறந்துவிட்டது. மண் தோஷமா?

ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருஷத்துக்கு 200 பிறப்பு என்று வையுங்கள். இரண்டு பிள்ளை இறந்தால் விகிதம் 10, நான்கு இறந்தால் 20. ஒரே வருஷத்தில் இரட்டிப்பு என்று யாராவது கூச்சல் போடலாம், ஆனால் இரண்டே பிள்ளைகளின் வித்தியாசம் அது. சின்ன ஊரில் மூன்றும் ஆணாக அமைவது தற்செயலாகவும் நடக்கும். நாணயத்தைச் சுண்டினால் மூன்று தடவையும் தலை விழுவதில்லையா?

அதற்காகச் சும்மா இருக்கவும் கூடாது. மூன்றும் குறைமாதமா, மூன்றும் ஒரே தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் எடுக்கும் வீடுகளா, உறவுக்குள் நடந்த கல்யாணமா என்று செவிலியரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டிய வீடுகளில் பிறவிக் குறைபாடுகள் கூடுதல். தோஷம் என்று சொல்லிவிட்டால் தேடுவது நின்றுவிடும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

பால் குடிக்க மறுத்தால், அல்லது நேற்று குடித்ததில் பாதிகூடக் குடிக்காவிட்டால். மூச்சு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் ஓடினால். சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணுங்கள். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், முனகினால். உடம்பு சில்லிட்டாலும் சரி, காய்ச்சலானாலும் சரி. வலிப்பு வந்தால். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினால். தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வந்தால். எழுப்பியும் எழாவிட்டால்.

சமவெளியில் இருப்பவர்கள் இவற்றைப் பார்த்தபின் கிளம்பலாம். கூடலூரிலிருந்து ஊட்டி வர 50 கிலோமீட்டர் வளைவுகள், மழைக்காலத்தில் மண்சரிவு, ராத்திரியில் ரோட்டில் யானை. நமக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பும் புத்தி வேண்டும். 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி ஏறி வர முடியாத குடியிருப்பு என்றால் எந்த இடத்தில் வந்து காத்திருப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பயணத்தில் பிள்ளை தாயின் நெஞ்சோடு கட்டியபடியே வர வேண்டும், டவலில் சுற்றி மடியில் கிடத்தியபடி அல்ல.

பிரசவமான பின் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரைத் திண்ணையிலேயே அனுப்பிவிடாதீர்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் காட்டுங்கள்.

பிள்ளை இறந்த வீட்டுக்கு வந்து அதிகாரிகள் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்கள்? எங்களைக் குற்றம் சொல்லவா?

சிசு மரணத் தணிக்கை என்று அதற்குப் பெயர். எத்தனை மணிக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தது, எப்போது கிளம்பினீர்கள், வண்டி எப்போது வந்தது, ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று வரிசையாகக் கேட்பார்கள். புண்ணில் கோல் விட்டுக் கிளறுவது போலத்தான் இருக்கும். கேட்கும் எங்களுக்கும் நாக்கு எழாது. ஆனால் அந்தப் பதில்களிலிருந்துதான் எந்த ரோட்டில் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரி டாக்டர் இல்லை என்பது வெளியே வருகிறது. தவறு எங்கள் பக்கம் என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். 35 வாரப் பிள்ளையின் அப்பா என் முகத்துக்கு நேரே சொன்னார்.

ஒரு மணி நேரமே உயிரோடு இருந்த பிள்ளைக்கும் பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெண் பிள்ளைதானே என்று தோட்டத்து ஓரத்தில் புதைத்துவிட்டுச் சொல்லாமல் இருந்தால், எந்தக் கணக்கிலும் அவள் வருவதில்லை.

பிள்ளை போய்விட்டது. மார்பில் பால் மட்டும் நிற்கவில்லை. என்ன செய்வது?

இதை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. மற்றவர்கள் எழுந்துபோன பிறகு, என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்பார்கள். பிள்ளை இறந்தது உடம்புக்குத் தெரியாது அம்மா, இரண்டாம் மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு கல்லாகும். முழுவதும் பிழிந்து எடுக்காதீர்கள், எடுக்க எடுக்க ஊறும். வலி குறையும் அளவுக்குக் கொஞ்சம் மட்டும் எடுங்கள். இறுக்கமில்லாமல் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை போடுங்கள், வெந்நீர் ஒற்றடம் வேண்டாம், குளிர்ந்த துணி வையுங்கள். நம் ஊரில் முட்டைக்கோசுக்குப் பஞ்சமில்லை. கழுவிக் குளிர வைத்த இலையை மார்பின் மேல் வைத்தால் பலருக்கு இதமாக இருக்கிறது. சிவந்து காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போங்கள். பால் நிற்க மாத்திரையும் இருக்கிறது, அவர்தான் தர வேண்டும்.

அடுத்த பிள்ளைக்கு உடம்பு தேறட்டும், இரத்தம் ஊறட்டும், அவசரப்படுத்தும் மாமியாரிடம் நான் பேசுகிறேன் என்று சொல்லி வருவேன். நான் ஏதாவது தப்புச் செய்தேனா என்று கேட்பார்கள். பெரும்பாலும் இல்லை. பெயர் வைத்தீர்களா என்று நான் கேட்பேன். வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேசுவேன்.